வருத்தம் வரவில்லையே என்று வந்தவர்: ஒரு நிகழ்வு ஆய்வு

வேலை போனவர்கள் ஆலோசனைக்கு வருவது எனக்குப் புதிதல்ல. தூக்கம் போய்விட்டது, தொட்டதற்கெல்லாம் கோபம் வருகிறது, யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்கவில்லை என்று வருவார்கள். இவர் வந்த காரணம் வேறு. உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "வேலை போய் ஏழு வாரம் ஆகுது. எனக்கு வருத்தமே வரல. வீட்ல நிம்மதியா இருக்கேன். எனக்கு ஏதாவது கோளாறா இருக்குமோன்னு பயமா இருக்கு."

அந்தப் பயத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஏறக்குறைய எட்டு மாதம் பேசினோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரும் அவர் மனைவியும் படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே இது வெளியே வருகிறது.

பின்னணி

வயது 46. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தவர், கடைசி ஆறு ஆண்டுகள் அந்தப் பிரிவின் பொறுப்பாளர். கணக்கு வேலையை வெளியாரிடம் ஒப்படைக்க நிர்வாகம் முடிவு செய்ததும் பிரிவையே மூடிவிட்டார்கள். பதினான்கு பேருக்கும் ஒரே நாளில் கடிதம். வீட்டில் மனைவி இருக்கிறார், ஒரு பரிசோதனைக்கூடத்தில் முழுநேர வேலை. 15 வயதில் மகள், 9 வயதில் மகன். கூடவே 78 வயதில் அம்மா.

நிறுவனம் கொடுத்த தொகையும் சேமிப்பும் சேர்ந்து பத்து மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடுத்த மாத வாடகைக்கு வழி இல்லாதவரிடம் போய் இந்தக் கதையைச் சொன்னால் அது கொடுமை. இந்த மனிதரின் நிம்மதிக்கு அடியில் பத்து மாதத் தரை இருந்தது. இன்னொன்றும் இருந்தது: பிரிவு மொத்தமும் போனதால், தன்னை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை. தனியாகப் பொறுக்கி வெளியே அனுப்பப்பட்டவர்களிடம் நான் பார்க்கும் அவமானம் இவரிடம் மிகக் குறைவு.

வேலையில் இருந்த கடைசி நான்கு ஆண்டுகளைப் பற்றிக் கேட்டேன். மாதக் கடைசி என்றால் இரவு ஒரு மணிக்குப் படுப்பார். நான்கு மணிக்கு விழிப்பு வரும், எந்தக் கணக்கில் எந்த எண் பொருந்தவில்லை என்ற யோசனையோடு. ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை எப்போதும் பையில் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராவது பதிப்பில் பணிச்சோர்வை வேலையோடு தொடர்புடைய ஒரு நிகழ்வாகச் சேர்த்தது. அதை ஒரு நோய் என்று அது சொல்லவில்லை. அது சொல்லும் மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, தன்னால் ஒன்றும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. முதல் இரண்டும் இவரிடம் பளிச்சென்று தெரிந்தன.

ஆகவே முதல் சில வாரங்களின் நிம்மதிக்கு விளக்கம் எளிது. உடம்பு ஓய்வு எடுத்தது, அவ்வளவுதான். மூன்றாவது வாரத்தில் இரவு முழுக்கத் தூங்க ஆரம்பித்தார். ஆனால் களைப்பு தீர்ந்த பிறகும் நிம்மதி தீரவில்லையே, அதற்கு என்ன சொல்வது?

நான் செய்த பிழை

முதல் இரண்டு அமர்வுகளை நான் வீணடித்தேன். வருத்தம் உள்ளே எங்கோ புதைந்திருக்கிறது, இவர் அதைப் பார்க்க மறுக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். என் படிப்பும் அனுபவமும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தன. ஆராய்ச்சியும் என் பக்கமே இருந்தது. 2004இல் ரிச்சர்ட் லூகாஸ், ஆண்ட்ரூ கிளார்க், யானிஸ் ஜியார்ஜெலிஸ், எட் டீனர் நால்வரும் வெளியிட்ட ஆய்வு ஜெர்மனியில் 24,000 பேருக்கு மேல் 15 ஆண்டுகள் திரட்டிய தரவை வைத்துச் செய்தது. வேலை போனவர்களின் வாழ்க்கைத் திருப்தி சட்டென்று விழுகிறது, மறுபடி வேலை கிடைத்த பிறகும்கூடச் சராசரியாகப் பழைய அளவை முழுதாக எட்டுவதில்லை என்று அது காட்டியது. இப்படி ஒரு சான்று மனதில் இருக்கும்போது எதிரே ஒருவர் "நிம்மதியா இருக்கேன்" என்றால் சந்தேகம்தான் வரும்.

தினமும் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து, இழந்ததை எல்லாம் நினைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். ஒழுங்கான மனிதர், சொன்னதைச் செய்தார். மூன்றாவது அமர்வில் வந்து சொன்னது: "உட்கார்ந்து பார்த்தேன். ஒண்ணும் வரல. அம்மா கூப்பிட்டாங்க, எழுந்து போயிட்டேன்."

எழுந்து போயிட்டேன் என்ற அந்தச் சொல்லில்தான் எனக்குக் காது திறந்தது. அதுவரை அவருக்கு வராத வருத்தத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து எங்கே போனார், போய் என்ன செய்தார் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இரண்டு வாரக் குறிப்பேடு

அதன் பிறகு அணுகுமுறையை மாற்றினேன். டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் 2004இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். நேற்றைய நாளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் என்ன செய்தோம், யாருடன் இருந்தோம், எப்படி உணர்ந்தோம் என்று மதிப்பெண் போட்டு எழுதிவைக்கும் முறை அது. அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் அதைச் செய்து பார்த்தபோது, வேலைக்குப் போய்வரும் பயணமும் வேலை நேரமும் நாளின் மிக மோசமான துண்டுகளில் வந்தன. அதே மாதிரி எழுதச் சொல்லி இவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். கணக்குப் பிள்ளை அல்லவா, நோட்டில் கோடு போட்டுக் கட்டம் கட்டி எழுதினார்.

இரண்டு வாரம் கழித்துப் படித்தபோது, அவர் பேச்சில் வராத ஒரு மனிதர் நோட்டில் இருந்தார். காலை பத்து முதல் பதினொன்றரை வரை லேப்டாப்பில் வேலை தேடும் நேரம் ஒவ்வொரு நாளும் அடிமட்டத்தில். பழைய சகாக்களின் போன் வந்த நாள்களும் அப்படியே. உச்சத்தில் இருந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். காய்ந்த துணிகளை மடிப்பது. மதியம் மூன்று மணிக்கு யாரும் இல்லாத கூடம். "என் வீட்டில் மூன்று மணி வெயில் எந்தச் சுவரில் விழும் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது" என்று ஒரு கட்டத்தில் எழுதியிருந்தார்.

மகனைப் பற்றி எழுதியதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். பையன் நான்கு மணிக்கு வீட்டுக்கு வருவான். ஷூவைக் கழற்றும் அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும் பள்ளியில் நடந்த எல்லாம் வாயிலிருந்து கொட்டும். யார் யாரோடு பேசவில்லை, யார் அழுதான், டீச்சர் எதற்குச் சிரித்தார். ஏழு மணிக்கு அதே கேள்வியைக் கேட்டால் "ஒண்ணும் இல்ல". இத்தனை வருஷமாக அந்த "ஒண்ணும் இல்ல" மட்டும்தான் இவருக்குக் கிடைத்துவந்தது. தன் மகன் அதிகம் பேசாத பையன் என்றே நம்பியிருந்தார்.

அம்மாவின் பதில்

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அம்மாவுக்குக் காது மந்தம், ஞாபகமும் மங்கிவருகிறது என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஏதாவது கேட்டால் பதில் வராது. இன்னும் சத்தமாகக் கேட்பார்கள், அப்போதும் வராது. சரி என்று அவர்களே ஒரு முடிவை எடுத்துவிடுவார்கள். இவரும் அப்படித்தான். காலையில் கிளம்பும் அவசரத்தில் கேட்கும் கேள்விக்குப் பதில் வரும்வரை நிற்க யாருக்கு நேரம் இருக்கிறது?

வேலை போன ஐந்தாவது வாரம், அம்மாவுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே ஏதோ கேட்டார். எங்கும் போக வேண்டியதில்லை, ஆகவே சீவிக்கொண்டே இருந்தார். சீப்பு மேலிருந்து கீழே சில தடவை போய்வந்த பிறகு பதில் வந்தது. தெளிவான, முழுமையான பதில். அவருக்கு ஆச்சரியம். மறுநாள் வேறொன்று கேட்டு, மனதுக்குள் எண்ணினார். பதினொன்று எண்ணி முடித்ததும் அம்மா பேச ஆரம்பித்தார். அடுத்த நாள் ஒன்பது. இன்னொரு நாள் பதினாலு.

கேட்கும் திறன் பரிசோதனைக்கு அழைத்துப்போகச் சொன்னேன், போனார்கள். வயதுக்கு ஏற்ற குறைவுதான், பேச்சைப் புரிந்துகொள்ளப் பெரிய தடை இல்லை. வயதாக ஆகக் கேட்டதைப் புரிந்து, சொல்லைத் தேடி, வாக்கியமாகக் கோக்கும் வேகம் குறைவது இயல்பு. அந்தத் தாமதத்துக்கு வீட்டில் யாரும் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அப்போது அவர் சொன்னது: "எங்கம்மா இத்தனை நாளா பதில் சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. நான்தான் அந்த இடத்துல இல்ல."

இதைச் சொல்லும்போது அவர் அழுதார். மூன்று அமர்வுகளாக நான் தேடிய கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அது வேலைக்காக வந்த கண்ணீர் இல்லை.

மரியந்தாலும் இந்த வீடும்

வேலையின்மை பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் மரியந்தாலைத் தாண்டிப் போக முடியாது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளி ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. பொருளாதார மந்தத்தில் ஆலை மூடப்பட்டதும் ஊரே வேலை இழந்தது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் மூவரும் ஒரு குழுவோடு 1931–32இல் அங்கே போய்ப் பார்த்து எழுதினார்கள், 1933இல் வெளியானது. நேரம் மலைபோல் கிடந்தும் ஆண்கள் எதையும் செய்யவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுப்பதுகூடச் சுமார் பாதியாகக் குறைந்தது. கைக்கடிகாரம் கட்டுவதையே பலர் விட்டுவிட்டார்கள். தெருவில் நடக்கும்போது அடிக்கடி நின்றார்கள்.

பெண்கள் அப்படி நிற்கவில்லை. ஆலையில் வேலை பார்த்த பெண்களும் வேலை இழந்தவர்கள்தான், ஆனால் வீடு அவர்களை விடவில்லை. அவர்களுக்குச் சம்பளம்தான் போனது, வேலை போகவில்லை என்ற கருத்தை ஆய்வாளர்கள் அப்போதே எழுதியிருக்கிறார்கள். பல முறை படித்த ஆய்வு. அந்த ஒரு கருத்தின் கனம் இந்த மனிதரைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

யஹோடா பிற்காலத்தில், வேலை சம்பளத்தோடு சேர்த்து ஐந்து விஷயங்களைத் தருகிறது என்று வகுத்தார்: நாளுக்கு ஒரு வரிசை, குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு, தன்னைவிடப் பெரிய ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் அடையாளம், கட்டாயமான செயல்பாடு. வேலை போனால் ஐந்தும் சேர்ந்து போகின்றன. இவரை அதில் வைத்துப் பார்த்தால் நாளின் வரிசையும் கட்டாயச் செயல்பாடும் போகவே இல்லை. அம்மாவின் மாத்திரை நேரமும் பையனின் நான்கு மணியும் மழைக்கு முன் எடுக்க வேண்டிய துணியும் அவரைப் பிடித்து வைத்திருந்தன. மரியந்தாலின் ஆண்கள் நின்ற தெருவில் இவர் நிற்கவில்லை, அந்த ஊர்ப் பெண்களின் நாளுக்குள் போய்விட்டார். யாரும் அவரை அங்கே அனுப்பவில்லை, அம்மா கூப்பிட்டார், போனார். வீட்டு வேலையை "உதவி" என்று செய்கிற ஆணுக்கு இது கிடைக்காது என்று நினைக்கிறேன். உதவி செய்பவர் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம், பொறுப்பில் இருப்பவருக்கு அது முடியாது. அந்த முடியாமைதான் இவரைத் தாங்கியது.

மீதி மூன்றில் அடிபட்டார். வெளித் தொடர்பு சுருங்கிப்போனது. அடையாளம் கொஞ்சமாகவா வலித்தது? மகளின் பள்ளிப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்று ஒரு கட்டம். "அப்பா, இங்க என்ன எழுதட்டும்?" என்று கேட்டாள். இவருக்கு வாய் வரவில்லை. அவள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பழைய பதவியையே எழுதி மடித்து வைத்துவிட்டாள். அன்றைய கட்டத்தில் அவர் போட்ட மதிப்பெண்தான் இரண்டு வாரத்திலும் மிகக் குறைவு.

பெயருக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்கு ஜெர்மனியில் ஒரு சான்று உண்டு. கிளெமென்ஸ் ஹெட்ஷ்கோ, ஆண்ட்ரியாஸ் க்னாபே, ரோனி ஷோப் மூவரும் 2014இல் வெளியிட்டது. நெடுநாள் வேலையில்லாமல் இருந்தவர்கள் ஓய்வு வயதை எட்டி "வேலையில்லாதவர்" என்ற பெயரிலிருந்து "ஓய்வு பெற்றவர்" என்ற பெயருக்கு மாறியதும் அவர்களின் வாழ்க்கைத் திருப்தி கணிசமாக உயர்ந்தது. அன்றாடத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது.

க்னாபேயும் ஷோபும் இன்னும் இருவரோடு சேர்ந்து 2010இல் செய்த ஆய்வு இவரது கேள்விக்கே நேராகப் பதில் சொல்கிறது. வேலையில்லாதவர்களிடம் மொத்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் வேலையில் இருப்பவர்களைவிடத் தெளிவாகக் குறைந்த திருப்தியைச் சொன்னார்கள். ஒரே செயலைச் செய்யும்போதும் வேலையில் இருப்பவர்களைவிடச் சற்று வருத்தமாகவே இருந்தார்கள். ஆனால் வேலையிலும் பயணத்திலும் கழியும் மணிகள் அவர்களுக்கு இல்லை, அந்த மணிகள் பிடித்த காரியங்களுக்குப் போயின. கூட்டிப் பார்த்தால் நாள் அனுபவத்தில் இரு தரப்புக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை. இதை அவரிடம் விளக்கிவிட்டு இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டேன். வாழ்க்கை எப்படிப் போகிறது? "சரியில்ல." நேற்று எப்படி இருந்தது? "ரொம்ப நல்லா இருந்தது." இரண்டுக்கும் யோசிக்காமல் பதில் சொன்னார். இரண்டும் உண்மை, ஒன்று இன்னொன்றைப் பொய்யாக்கவில்லை என்று சொன்னபோது அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன். இத்தனை வாரமாகத் தூக்கிக்கொண்டிருந்த பயம் அது.

மனைவி வந்தபோது

ஆறாவது அமர்வுக்கு மனைவியையும் வரச் சொன்னேன். இதை முன்பே செய்திருக்க வேண்டும். அவர் மெதுவாகப் பேசுகிறவர். "அவர் சந்தோஷமா இருக்கறதுல எனக்கும் சந்தோஷம்தான். ஆனா சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தா எல்லாம் முடிஞ்சிருக்கு. பையன் சொல்ல வேண்டியதை எல்லாம் அவர்கிட்ட சொல்லிட்டான். அத்தையும் இப்போ அவரைத்தான் கூப்பிடறாங்க. நான் விருந்தாளி மாதிரி உட்கார்றேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்: "ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வருது. பில் எல்லாம் இப்போ எனக்குத்தானே வருது."

கணவர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இது தெரியாது. வேலை போன மாதமே வீட்டுக் கணக்கின் மெயில், கட்டண நினைவூட்டல், கடன் தவணை எல்லாவற்றையும் மனைவியின் போனுக்கு மாற்றியிருந்தார். இப்போது சம்பளம் வருவது மனைவிக்குத்தானே என்று இயல்பாகச் செய்தது. வாழ்நாளெல்லாம் கணக்குப் பார்த்தவர், தன் வீட்டுக் கணக்கைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார். அவர் தூங்கிய தூக்கத்தின் ஒரு பகுதி மனைவியிடமிருந்து எடுத்தது.

முதல் அமர்வில் என் சந்தேகம் முழுதும் தவறில்லை. இடம்தான் தவறு. அம்மாவிடமும் பையனிடமும் கிடைத்த நிம்மதியில் பொய் இல்லை, அவர் பார்க்க மறுத்தது பில்களை.

ஒரு ஏற்பாடு செய்தோம். ஞாயிறு இரவு இருவரும் மேசையில் உட்கார்ந்து, இருப்பு எவ்வளவு, இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்று காகிதத்தில் எழுதிப் பார்ப்பது. நினைவூட்டல்கள் அவர் போனுக்குத் திரும்பின. வாரத்தில் இரண்டு நாள் மாலையில் அவர் வெளியே போய்விடுவது, வீடும் பிள்ளைகளும் மனைவிக்கு. அந்த இரண்டு மாலைகளில் அவர் பழைய சகா ஒருவரைச் சந்திக்கப் போக ஆரம்பித்தார், வெளித் தொடர்பு மெல்லத் திரும்பியது அப்படித்தான்.

ஞாயிறு கணக்கு தொடங்கிய பிறகு நோட்டின் மதிப்பெண்கள் சரிந்தன. விழிப்பு அவருக்கும் வந்தது. மூன்று வாரம் முகம் வாடியே வந்தார். எனக்கு உள்ளூரப் பயம்தான், இருந்ததையும் கெடுத்துவிட்டோமோ என்று. நான்காவது வாரம் துணி மடிக்கும் நேரமும் தலை சீவும் நேரமும் மறுபடி மேலே வந்தன. ஞாயிறு இரவுகள் கீழேயே இருந்தன. ஒரே வாரத்தில் இரண்டும் அருகருகே இருந்தன. மறுப்பில் கட்டிய நிம்மதியாக இருந்திருந்தால் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் இடிந்திருக்கும். இது சரிந்தது, பிறகு எழுந்து நின்றது. மனைவிக்குத் தூக்கம் முழுதாகத் திரும்பியது என்று சொல்ல மாட்டேன். மூன்று மணிக்கு விழித்தால் இப்போது அவரையும் எழுப்பிப் பேசுகிறார்.

இப்போது

எட்டாவது மாதத்தில் இரண்டு சிறிய நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. காலை முதல் மதியம் ஒரு மணிவரை. பழைய வருமானத்தில் பாதிக்கும் குறைவு. முழுநேர வேலை ஒன்றும் வந்தது, இருவரும் ஞாயிறு மேசையில் வைத்துப் பேசி வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். மகளுக்கு மேற்படிப்பு வரும்போது அந்த முடிவை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும் என்று இருவருக்கும் தெரியும். அந்தத் தேதியையும் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அம்மாவின் பதிலுக்கு எண்ணுவதை மகளும் பழகிக்கொண்டாள் என்று சொன்னார், அவள் கணக்கில் எட்டாம்.

கடைசி அமர்வுக்கு மதியம் மூன்று மணிக்கு வந்தார். பாதிப் பேச்சில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "தப்பா நினைக்காதீங்க. நாலு மணிக்குள்ள வீட்டுக்குப் போகணும், பையன் வந்துடுவான்." மூன்றரைக்கே முடித்துக்கொண்டோம்.